மிஞ்சிய ஸ்பிரிங்

சாமினி அதைச் சோசரில் போட்டுக் கணவன் லவன் முன்னால் தள்ளினாள். நகத்தளவுகூட இல்லாத ஒரு ஸ்பிரிங். பெட்டியில் துண்டு துண்டாக வந்ததை, வாரக்கணக்காகச் சாப்பாட்டு மேசையைப் பிடித்துவைத்து, படத்தைப் பார்த்துப் பார்த்து அவன் பொருத்திப் பூட்டிய பிளாஸ்டிக் கமராவில் அதற்கு மட்டும் இடமில்லாமல் போயிருந்தது.

"இஞ்சேரப்பா, ஷட்டர் ஸ்பிரிங்கை வெளியில வைச்சுப்போட்டுக் கமரா பூட்டின முதல் ஆள் நீங்கள்தான்."

"பிலிம் போட்டாச்சு, இனிக் கழட்டேலாது. அது வேலை செய்யும்."

"செய்யும், செய்யும். கோயில் உண்டியல் மாதிரி இருக்கு. கொண்டுபோய்க் கடலுக்குக் காட்டுங்கோ, அதெண்டால் சிரிக்காது."

அவன் சிரித்துக்கொண்டே படியிறங்கினான். வெள்ளவத்தையில் கடலுக்குப் போவதென்றால் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். கண்ணைக் கமராவில் வைத்தபடியே நின்றானாம். ரயில் ஹோர்ன் அடித்தும் திரும்பவில்லையாம். கமரா மட்டும் ஒரு கீறலில்லாமல் வீடு வந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த சொந்தங்கள், வடையில் உப்புக் கூடியதைக் கதைத்தபடி கலைந்தன. பிறகுதான் அது தொடங்கியது. காலி வீதி பஸ்களின் இரைச்சலும், கீழ்வீட்டு டியூஷன் பிள்ளைகளின் ஒப்புவிப்பும், ஈரச் சுவரின் பூஞ்சண வாடையோடு வரும் உப்புக்காற்றும் ஒருசேர ஓய்கிற மத்தியானமாகப் பார்த்து, கமராவை வைத்திருந்த அலுமாரி மேலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். பின்னால், பிலிம் சுற்றும் பற்சில்லு மெல்லத் திரும்புகிற 'கிறிக், கிறிக்'.

பல்லி என்றாள். மரம் காய்கிறது என்றாள். சீ, விளையாட்டுச் சாமான், ஸ்பிரிங் இல்லாமல் எப்படி அடிக்கும். சோசரைப் பார்த்தாள். ஸ்பிரிங் கிடந்தது.

பிலிமில் ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் போதும், தூங்கலாம். கமராவைத் துணிப்பையில் போட்டு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனாள்.

"கழுவிப் பாருங்கோ அக்கா. வெறுமையாத்தான் இருக்கும்."

மறுநாள் கடைக்கார டோரின் அக்கா படங்களை நீட்டினாள். "என்ன பிள்ளை, முழு ரோலும் விழுந்திருக்கே! ஆர் எடுத்தது? கை அசையவே இல்ல."

முதல் படத்தில் கடல், தண்டவாளம், ஓரத்தில் ரயிலின் முகம்.

அடுத்ததில் சாமினி. தலை சீவுகிறாள். சாப்பிடுகிறாள். தூங்குகிறாள். அலுமாரி உயரத்திலிருந்து. பிறகு கட்டில் உயரத்திலிருந்து. பிறகு கன்னம் மட்டும்.

கடைசியில் அவளுடைய முதுகு. ஸ்டூடியோ வாசலில் ஒரு கால். கையில், கமரா கிடந்த அதே துணிப்பை.

கமராவைக் கடையிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தாள். கதவைப் பூட்டினாள்.

பின்கழுத்துக்குக் கிட்ட. 'டிக்'.

திரும்பவில்லை. மேசையைத்தான் பார்த்தாள்.

சோசரில் ஸ்பிரிங் கிடந்தது.