சிறுத்தையா, வண்டா?

வாயாடியின் அப்பாவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை உயரமான நாற்காலியில் உட்கார வைப்பார். கண்ணுக்கு முன்னால் ஒரு வில்லையைப் போடுவார். அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுவார்.

"இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?"

"இது."

"இப்போ? இதுவா, அதுவா?"

இப்படியே கேட்டுக் கேட்டு, சுவரில் இருக்கும் பொடி எழுத்தைக்கூடப் படிக்க வைத்துவிடுவார்.

பள்ளிக்கூடம் விட்டதும் வாயாடி நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுதும் நேரம் கொஞ்சம், பேசும் நேரம் அதிகம். அந்தப் பட்டம் அவளுக்குச் சும்மா கிடைக்கவில்லை.

அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

அதற்கு முன்னால் அப்பா எல்லாவற்றிலும் கறாரான ஆள். சட்டைக் காலரில் சுருக்கம் இருக்கக் கூடாது. தலையணை இத்தனை உயரம்தான் இருக்க வேண்டும். ஜன்னல் பாதிதான் திறந்திருக்க வேண்டும். முழுசாகத் திறந்தாலும் குற்றம், மூடினாலும் குற்றம். "உங்களைக் கட்டி மேய்க்கிறதுக்குள்ள எனக்கு நரை விழுந்துடும்" என்று அம்மா சிரிப்பாள்.

இப்போது அப்பாவிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"எதுனாலும் சரி."

வாயாடி கடைப் பாணியிலேயே கேட்டுப் பார்த்தாள்.

"அப்பா, நீலச் சட்டையா, வெள்ளைச் சட்டையா?"

"எதுனாலும் சரி."

"சாப்பாட்டுக்கு முட்டையா, உருளைக்கிழங்கா?"

"எதுனாலும் சரிம்மா."

"இப்படிச் சொல்ற ஆளுக்கு உங்களால கண்ணாடி போட முடியுமாப்பா?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "முடியாது" என்றார். பிறகு நீலமும் இல்லை, வெள்ளையும் இல்லை, முந்தின நாள் கழற்றிப் போட்ட அழுக்குச் சட்டையையே மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒருநாள் கடையில் அவர் ஒரு பெரியவருக்கு வலது கண் வில்லையை இடது பக்கமும், இடது கண் வில்லையை வலது பக்கமும் மாட்டிக் கொடுத்துவிட்டார். பெரியவர் வாசலில் இறங்கினார். விளக்குக் கம்பத்திடம் "சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

கடை முதலாளியம்மா அப்பாவைக் கூப்பிட்டார். "பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் லீவுதானே. கூட்டிட்டு எங்கயாச்சும் போயிட்டு வாங்க. இப்படியே விட்டா ஊர்ல பாதிப் பேர் ஒருத்தரை ஒருத்தர் முட்டிக்குவாங்க."

அன்று சாயங்காலம் வாயாடி கேட்டாள்.

"கடலா, காடாப்பா?"

"எதுனா..."

"சரி, காடு" என்றாள் அவள்.

காட்டில்தானே சிறுத்தை இருக்கிறது. அவள் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு சிறுத்தை ஒட்டப்பட்டிருந்தது. அதன் முதுகில் எத்தனை புள்ளி என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். உயிருள்ள சிறுத்தையை, கம்பி இல்லாமல், ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அதுதான் அவள் ஆசை.

ரயிலில் எதிரே உட்கார்ந்த அம்மாள் கேட்டார்: "அம்மா வரலையா?" பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்: "அம்மா ஊர்லயா?" கேட்டவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அப்பா குடை மடங்குவதுபோல மடங்கி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காட்டு விடுதியின் அலுவலக அறை சின்னது. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சுவரில் ஒரு பலகை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்த முகத்தோடு வரவேற்றார்.

"வாங்க சார். ரெண்டு பேர்தானா? அம்மா வரலையா?"

அப்பா மேசையிலிருந்த பேனாவையே பார்த்தார்.

"நாங்க ரெண்டு பேர்தான் ஆன்ட்டி" என்றாள் வாயாடி. "காட்டுக்குள்ள எப்படிப் போறது?"

"பலகையைப் பாரு பாப்பா. சாயங்காலம் பெரிய பஸ். காலையில வெயில் வந்தப்புறம் ஜீப், எட்டுப் பேர் சேர்ந்து போறது. அப்புறம் விடியறதுக்கு முன்னால தனி ஜீப். நீ பஸ்ல போ. பாட்டெல்லாம் போடுவாங்க. நாலு பேரோட சிரிச்சுப் பேசிட்டே போலாம்."

ஒரு பஸ் நிறையப் பேச ஆட்கள். வாயாடிக்கு நாக்கு துறுதுறுத்தது. பக்கத்து சீட், முன் சீட், பின் சீட் என்று ஒருவரையும் விடாமல் பேசலாம்.

ஆனால் அந்தப் பஸ்ஸில் எத்தனை பேர் இருப்பார்கள், அத்தனை பேரும் அதே கேள்வியைக் கேட்பார்களே.

"தனி ஜீப்னா என்ன ஆன்ட்டி?"

"நீங்க ரெண்டு பேர், டிரைவர், அவ்ளோதான். எங்க போகணும், எங்க நிக்கணும், எவ்ளோ நேரம் நிக்கணும், எல்லாம் நீங்க சொல்றதுதான். ஆனா இருட்டோட எந்திரிக்கணும். குளிர் பல்லைத் தந்தியடிக்க வைக்கும்."

"எங்களுக்குத் தனி ஜீப்."

"சார் என்ன சொல்றீங்க?"

"எதுனாலும் சரி" என்றார் அப்பா.

அந்தப் பெண் வாயாடியைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "அப்போ நாளைக்கு ஜீப்புக்கு நீதான் முதலாளி."

மறுநாள் வானம் வெளுப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது. கூரை இல்லாத ஜீப். டிரைவருக்குப் பெரிய மீசை, அதைவிடப் பெரிய பேச்சு.

"ஏறு பாப்பா. என்ன பாக்கணும்?"

"சிறுத்தை, மாமா."

"சிறுத்தைதானே? அது நம்ம கையில. இந்தக் காட்டுச் சிறுத்தைக்கெல்லாம் என் ஜீப் சத்தம் அத்துப்படி. உள்ள போனப்புறம் யாரும் கீழ இறங்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது. உன்னால முடியுமா? ஆளைப் பாத்தா சந்தேகமா இருக்கே."

"முடியும்" என்றாள் வாயாடி. சொல்லிவிட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

காடு ஈரமாக இருந்தது. மரங்களுக்கு நடுவே பனி, யாரோ போர்வையை உதறிப் போட்டதுபோலக் கிடந்தது. மான் கூட்டம் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் மேய்ந்தது. வாயாடி அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து இந்த மரத்து மேலதான் படுத்திருந்துச்சு" என்றார் டிரைவர்.

இன்று இல்லை.

"நேத்து இந்தப் புதர்லேர்ந்துதான் வந்துச்சு."

இன்று வரவில்லை.

"நேத்து இந்தத் திருப்பத்துல..."

"மாமா," வாயாடி மெல்லிய குரலில் கேட்டாள், "நாங்க நேத்தே வந்திருக்கணுமோ?"

டிரைவர் மீசைக்குள் சிரித்தார்.

சூரியன் எழுந்தது. பாதையில் இரண்டு சக்கரத் தடங்கள் பள்ளமாக ஓடின. ஓர் இடத்தில் யானை லத்தி குவிந்து கிடந்தது. ஜீப் அதன் பக்கத்தில் போகும்போது பின் சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நிறுத்துங்க."

டிரைவர் திடுக்கிட்டு பிரேக்கை மிதித்தார். வாயாடியும் திரும்பிப் பார்த்தாள். சொன்னது அப்பா.

"சக்கரத்துக்கு முன்னால," என்று அப்பா கை காட்டினார், "ஒரு வண்டு."

சக்கரத் தடத்துக்குள் ஒரு கறுப்பு வண்டு. அது எலுமிச்சம்பழம் அளவுக்குச் சாணத்தை உருட்டி வைத்திருந்தது. தலைகீழாக நின்று, பின்னங்கால்களால் உருண்டையைத் தள்ளிப் பள்ளத்தின் ஓரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. பாதி ஏறியதும் உருண்டை சறுக்கியது. வண்டும் அதோடு குட்டிக்கரணம் போட்டுக் கீழே விழுந்தது.

எழுந்தது. மறுபடியும் தலைகீழாக நின்றது. மறுபடியும் தள்ளியது.

அப்பா ஜீப்பின் கம்பியில் முகவாயை வைத்துக் குனிந்தார். அப்போதுதான் டிரைவரின் வாக்கி டாக்கி கரகரத்தது.

"எங்க இருக்க? குளத்துப் பாறை மேல சிறுத்தை. காலை நீட்டிப் படுத்திருக்கு. சீக்கிரம் வா."

டிரைவர் சாவியில் கை வைத்தார். "பாத்தியா பாப்பா, நான் சொன்னேன்ல? வண்டுக்கு ஒண்ணும் ஆகாது. ஓரமா ஒடிச்சு ஓட்டிட்டுப் போயிடறேன். சொல்லு, போலாமா?"

வாயாடி சீட்டிலிருந்து எம்பினாள். பாறை. சிறுத்தை. காலை நீட்டிக்கொண்டு. போலாம் என்ற சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

அப்பாவுக்கு வாக்கி டாக்கி சத்தம் கேட்கவே இல்லை. அவர் கண்கள் வண்டோடு ஏறின, வண்டோடு இறங்கின. உதடுகள் லேசாக அசைந்தன. தள்ளு, தள்ளு என்று சொல்வது போலிருந்தது. இத்தனை நாளில் அப்பா எதையாவது இப்படிப் பார்த்து அவள் பார்த்ததில்லை.

வாயாடி எச்சிலை விழுங்கினாள். அதோடு அந்தச் சொல்லையும் விழுங்கினாள்.

"வேணாம் மாமா" என்றாள், ரகசியமாக. "இங்கயே நிப்போம்."

"என்னது?"

"எவ்ளோ நேரம் நிக்கணும்னாலும் நாங்க சொல்றதுதானே?"

"அது சரிதான். ஆனா சிறுத்தையை விட்டுட்டுச் சாணி உருட்டுற வண்டைப் பாக்குறதுக்குத் தனி ஜீப் எடுத்த குடும்பம், என் ஆயுசுல நீங்கதான்."

"ஸ்ஸ்" என்றாள் வாயாடி.

வாயாடி ஒருவரை வாயை மூடச் சொன்னது அதுதான் முதல் தடவை.

தூரத்தில் மற்ற ஜீப்புகள் குளத்துப் பக்கம் பறக்கும் சத்தம் கேட்டு அடங்கியது. வண்டு விழுந்தது, எழுந்தது. விழுந்தது, எழுந்தது. டிரைவர் முதலில் கொட்டாவி விட்டார். அப்புறம் தலையை மட்டும் நீட்டினார். அப்புறம் சீட்டில் முட்டி போட்டு நின்றார்.

"இந்தத் தடவை ஏறிடும் பாருங்க சார்."

ஏறவில்லை.

"ஒரு குச்சி எடுத்து லேசாத் தள்ளிவிடலாமாப்பா?" என்றாள் வாயாடி.

"வேணாம்" என்றார் அப்பா. "அதுவே ஏத்தும்."

அந்த நேரம் பார்த்து இன்னொரு வண்டு வந்தது. சுற்றும் முற்றும் பார்த்தது. நேராக உருண்டை மேல் ஏறி, தன் வீட்டுச் சொத்துபோல உட்கார்ந்துகொண்டது.

"அட, திருட்டுப் பய" என்றார் டிரைவர்.

"ஏய், இறங்கு" என்றார் அப்பா.

முதல் வண்டு விடவில்லை. உருண்டையின் அடியில் தலையைக் கொடுத்து ஒரே நெம்பு. திருட்டு வண்டு மல்லாக்க விழுந்து, ஆறு காலையும் வானத்தில் உதைத்தது. அது புரண்டு எழுவதற்குள் முதல் வண்டு உருண்டையைப் பள்ளத்தின் ஓரத்தில் தள்ளிக்கொண்டு போனது. பாதி. முக்கால். ஒரு சின்ன வேரில் இடித்து நின்றது.

ஜீப்பில் யாரும் மூச்சு விடவில்லை.

உருண்டை வேரைத் தாண்டியது. மேட்டில் ஏறியது. புல்லுக்குள் உருண்டு மறைந்தது.

"ஏறிடுச்சு" என்றார் அப்பா. சொல்லும்போதே சிரித்துவிட்டார். சின்னச் சிரிப்புதான். கொஞ்சம் துருப்பிடித்த சிரிப்பு. ஆனால் அவருடையதுதான்.

"அதை எங்க கொண்டு போகும்?" என்று கேட்டார்.

டிரைவர் மீசையைத் தடவினார். "வேற எங்க சார்? வீட்டுக்குத்தான்."

"மண்ணுக்குள்ள புதைச்சு வைக்கும்ப்பா" என்றாள் வாயாடி. "அதுக்குள்ள முட்டை போடும். குட்டி பொரிஞ்சு வந்ததும் அதைத்தான் சாப்பிடும். எங்க டீச்சர் சொன்னாங்க."

"அவ்ளோ பெரிய உருண்டையில எத்தனை குட்டி இருக்கும்?"

"ஒண்ணே ஒண்ணுதான்ப்பா."

அப்பா புல்லைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவளுடைய ஸ்வெட்டரின் மேல் பொத்தான் திறந்திருந்தது. அதைப் போட்டுவிட்டார்.

வாக்கி டாக்கி மறுபடியும் கரகரத்தது. "இனிமே வராத. சிறுத்தை இறங்கிப் போயிடுச்சு."

வாயாடி முன்னால் திரும்பிக்கொண்டாள். கண் குளத்துப் பக்கமே போனது. அவளே முடிவு செய்ததுதான். இருந்தாலும் போனது.

"நீ சிறுத்தை பாக்கத்தானே வந்த?" அப்பாவின் குரல் காதருகில் கேட்டது. "ஏன் போகச் சொல்லல?"

"நீங்க பாத்துட்டு இருந்தீங்களேப்பா."

அப்பா பின் சீட்டிலிருந்து கையை நீட்டி, அவள் தலைமேல் வைத்தார். ஜீப் திரும்பிக் காட்டின் வாசலுக்கு வரும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. ஜீப் குலுங்கும்போதெல்லாம் அவள் தலையும் சேர்ந்து ஆடியது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

காட்டின் வாசலில் ஒரு சின்னக் கடை. டிரைவர் இறங்கிக் கைகளைத் தேய்த்துக்கொண்டார். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"சாருக்கு டீயா, காப்பியா?"

வாயாடி பழக்கதோஷத்தில் அப்பாவுக்காகப் பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"காப்பி" என்றார் அப்பா.

வாயாடி வாயை மூடினாள்.

"பால் கம்மியா" என்றார் அப்பா. "சர்க்கரை அரை ஸ்பூன், அதுக்கு மேல வேணாம். நல்லா கொதிக்கக் கொதிக்க இருக்கணும். பேப்பர் கப்புல வேணாம், கண்ணாடி டம்ளர்ல குடுங்க. டம்ளரை முதல்ல வெந்நீர்ல ஒரு தரம் கழுவிடுங்க."

கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாயாடியைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, உங்கப்பா ரொம்பப் படுத்துவார் போலிருக்கே?"

"ஆமா" என்றாள் வாயாடி, பெருமையாக. "எங்கப்பா அப்படித்தான்."