மஸ்கட் மெஷினும் திரிந்த பாலும்

சித்தீக் இரண்டு மெஷின்களை ஒரே துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் நுகர்வோர் மன்றத்துக்குள் வந்தபோது, இளவழகன் யாரோ எரித்துவிட்ட அயர்ன்பாக்ஸைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அவன் எலெக்ட்ரிகல் எஞ்சினியர். பெங்களூர் கம்பெனி ஒன்று அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டு, எப்போது வர வேண்டும் என்பதைச் சொல்ல மட்டும் மறந்திருந்தது. அமெரிக்காவில் ஏதோ சரிவாம். சரிவு நிமிரும்வரை வீட்டில் சும்மா இருந்தால் அப்பா சாமிதுரை நாற்றுப் பறிக்கக் கூப்பிடுவார். ஆகவே மன்றத்தில் அம்சவல்லி மேடத்துக்கு உதவியாளன் ஆகியிருந்தான்.

அம்சவல்லி இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் நஷ்டஈடு கேட்டு வந்தவர்களின் கதைகளைக் கேட்டுவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவர். யார் எதைச் சொன்னாலும் உடனே நம்பமாட்டார். முகத்தில் காட்டவும் மாட்டார்.

"இதுல எதை வெச்சுக்கறதுன்னு சொல்லுங்க மேடம்," என்றான் சித்தீக். பையை இறக்கிய கையில் கட்டைவிரலுக்குப் பிளாஸ்திரி போட்டிருந்தது.

"எது நல்லாருக்கோ அதை வெச்சுக்குங்க."

"அப்படி ஈஸியா இருந்தா நான் ஏன் ஐயம்பேட்டையிலேர்ந்து பஸ் ஏறி வர்றேன்? எந்த மெஷினை வெளியே போட்டாலும் கூடவே ஒரு பொம்பளை போயிருவாங்க மேடம்."

விஷயம் இதுதான். இரண்டும் வறுத்த காபிக் கொட்டையை வீட்டிலேயே அரைக்கும் மெஷின்கள். வெள்ளை மெஷின் சிங்கப்பூரிலிருந்து வந்தது. சித்தீக்கின் அம்மா கமருன்னிஸாவுக்கு அவளுடைய தம்பி அனுப்பியது. சின்னக் கிண்ணம், அடியில் பிளேடு. கறுப்பு மெஷின் மஸ்கட்டிலிருந்து வந்தது. சித்தீக்கின் மனைவி ஹாஃபிஸாவுக்கு அவளுடைய அண்ணன் அனுப்பியது. மேலே கொட்டையைப் போட்டால் உள்ளே இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே நசுங்கி, கீழே தூளாக விழும். அதுவரை கடையில் பொட்டலம் வாங்கி நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருந்த குடும்பம்.

"கறுப்புல அரைச்ச தூள்ல டிகாக்‌ஷன் எறக்கிப் பாலை ஊத்தினா, பால் திரிஞ்சு போவுது. வெள்ளையில ஒண்ணும் ஆகலை. அதே கொட்டை, அதே பில்டர், அதே பால். அந்தப் பால்ல டீ போட்டா அருமையா இருக்கு. அம்மா, 'மஸ்கட்காரன் எதையோ மட்டமா வாங்கி அனுப்பிட்டான்'ங்கறாங்க. ஹாஃபிஸா, 'மாமிதான் எலுமிச்சம்பழத்தைப் பிழியறாங்க'ங்கறா. நேத்து பெட்டியைக் கட்டிட்டா. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அவ அத்தா கூத்தாநல்லூர்லேர்ந்து கார் எடுத்துட்டு வர்றார், கூட்டிட்டுப் போக. ஒரு காபிக்காக மேடம். வெறும் காபிக்காக."

"வீட்ல வேற யாரு இருக்காங்க?"

"எங்க அத்தா இப்ராஹிம். தம்மாம் வேலையை விட்டுட்டு, போன மாசம் ஒரேயடியா வந்துட்டார். பால் விட்ட எதையும் குடிக்கமாட்டார், சுலைமானி டீதான். அவரை இதுல இழுக்காதீங்க. சும்மா உக்கார முடியாம அவரே அல்லாடிக்கிட்டிருக்கார்."

"விரல்ல என்ன?"

"வெங்காயம் நறுக்கினேன். கத்தி பட்டுருச்சு. எங்க வீட்டுக் கத்திக்கு அவ்வளவு ரோஷம் இருக்கும்னு எனக்கே தெரியாது."

இளவழகன் பொறுமை இழந்தான். திரிந்தது பால், இவர் விரலை விசாரிக்கிறார்.

அவன் உடனே சோதனையில் இறங்கினான். கறுப்பு மெஷினில் அரைத்த முதல் தூள், பாலைத் தயிர் மாதிரி திரித்தது. இரண்டாவது, கொஞ்சமாகத் திரித்தது. மூன்றாவது திரிக்கவில்லை. அதன்பிறகு சாயங்காலம்வரை அரைத்த எதுவும் திரிக்கவில்லை. திரியாத காபியையெல்லாம் வீணாக்க மனமில்லாமல் அவனே குடித்தான். இமை மூட மறுத்தது.

"கண்டுபிடிச்சுட்டேன் மேடம். வோல்டேஜ். ஐயம்பேட்டையில கம்மி. பல்சக்கரம் மெதுவா சுத்துது, கொட்டை சூடாகி புளிச்சுப் போவுது."

"அப்ப இங்க அரைச்ச முதல் தூள் ஏன் திரிச்சது?"

மெஷினுக்குப் பஸ் அலுப்பாக இருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தவன், எஞ்சினியர் பட்டத்தை நினைத்து நிறுத்திக்கொண்டான்.

அம்சவல்லி இரண்டு மெஷின்களையும் சித்தீக்கிடம் திருப்பிக் கொடுத்தார். "வழக்கமா இருக்கற இடத்துலயே வைங்க. யாரும் எதையும் மாத்தவேணாம். காலையில வர்றோம்."

"அவ்வளவுதானா?" என்றான் சித்தீக். இளவழகனும் அதையே கேட்க நினைத்திருந்தான்.

மறுநாள் காலை ஐயம்பேட்டையில் மழை விட்டுத் தூவானமாக இருந்தது. சமையல்கட்டு மேடையில் இரண்டு மெஷின்களும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் போலத் தள்ளித் தள்ளி நின்றன. வாசல் ஓரத்தில் ஹாஃபிஸாவின் பெட்டி. கமருன்னிஸா வெள்ளை மெஷினின் கிண்ணத்தை ஈரத்துணியால் ஒரு சுற்று துடைத்து, காயவைத்து, கொட்டையைப் போட்டு அரைத்தாள்.

"தெனமும் துடைப்பீங்களா?" என்றார் அம்சவல்லி.

"பின்னே? பாத்திரம்னா துடைக்காம போடலாமா?"

"என்னுதுல கையே போவாதுங்க. எங்கேருந்து துடைக்கறது?" என்றாள் ஹாஃபிஸா, சுவரைப் பார்த்து.

கறுப்பு மெஷின் நின்ற இடத்தில் மட்டும் மேடை ஈரம் கோத்திருந்தது. தூள் விழும் வாயில் காபி பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஹாஃபிஸா அரைத்தாள், டிகாக்‌ஷன் இறக்கினாள், பாலை ஊற்றினாள். பால் சொல்லிவைத்த மாதிரி திரிந்தது.

"பாத்துக்குங்க. நான் ஒண்ணும் சொல்லலை," என்றாள் கமருன்னிஸா. சொல்லாததையெல்லாம் அவள் முகம் சொல்லிவிட்டது.

"நேத்து எங்க ஆபீஸ்ல நல்லா இருந்ததே!" இளவழகனுக்கு அழுகை வரும்போலிருந்தது.

அம்சவல்லி கறுப்பு மெஷினின் டிகாக்‌ஷனைப் பாலும் சர்க்கரையும் இல்லாமல் அரை டம்ளர் கேட்டு வாங்கி ஒரு வாய் குடித்தார். பிறகு தண்ணீர் கேட்டார். சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார்.

"அம்மா, இந்த வருஷம் ஊறுகாய் போட்டீங்களா?"

இளவழகன் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தான். இமை இன்னமும் ஒத்துழைக்கவில்லை.

"எங்கேங்க. நார்த்தங்காய்க்குன்னு கல் உப்பு வாங்கி ஜாடியில வெச்சேன். பாதியைக் காணோம். மழைக்காத்துல கரையுது போல. சமையலுக்கு நாங்க தூள் உப்புதான் போடறது."

"எல்லாரும் இங்க வாங்க. ஐயாவையும் கூப்பிடுங்க."

சித்தீக்கின் அப்பா இப்ராஹிம் கொல்லையிலிருந்து வந்தார். கையில் அரிவாள்மணை. சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தவரைப் பாதியில் கூப்பிட்டுவிட்டார்கள்.

"திரிஞ்ச காபியை நீங்க யாரும் வாயில வெச்சுப் பாக்கலை," என்றார் அம்சவல்லி. "பாத்ததும் சண்டை போட்டீங்க, அப்புறம் கொட்டிட்டீங்க. நான் வெறும் டிகாக்‌ஷனைக் குடிச்சேன். உப்புக் கரிக்குது. சூடான பால்ல உப்பு விழுந்தா என்னாகும்னு உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை."

கமருன்னிஸாவும் ஹாஃபிஸாவும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ரெண்டு பேரும் போடலை. வேணும்னே ஒருத்தர் போட்டா பால்லயோ பில்டர்லயோ போடுவாங்க. இது மெஷினுக்குள்ள இருக்கு. தஞ்சாவூர்ல இளவழகன் அரைக்க அரைக்க உப்பு வெளியேறிருச்சு, பால் திரியறது நின்னுருச்சு. வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி இருந்ததும் திரும்பவும் உப்பு. உப்பு ஈரத்தை இழுக்கும், அதான் மேடையில ஈரம். கல் உப்பு ஜாடியில குறையுது. போன மாசத்துலேர்ந்து இந்த வீட்டுக் கத்தியெல்லாம் விரலை வெட்டற அளவுக்குக் கூரா இருக்கு." அவர் இப்ராஹிம் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "ஐயா, மிக்ஸி பிளேடு மழுங்கினா என்ன செய்வீங்க?"

"ஒரு பிடி கல் உப்பைப் போட்டு ஓட்டணும். கூராயிரும்," என்றார் இப்ராஹிம், பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தவர் போல. "தம்மாம்ல எங்க ரூம்ல எட்டுப் பேருக்கும் நாந்தான் அந்த வேலை."

"இந்த மெஷின்களுக்கும்?"

"ரெண்டுக்குந்தான். பாரபட்சம் பாக்கலை. தெனமும் சுபுஹு தொழுதுட்டு, இதுங்கள்லாம் எந்திரிக்கறதுக்குள்ள."

"அத்தா!" என்றான் சித்தீக். "தெனமுமா?"

"காபி சரியில்லைன்னு நீங்கதானே கத்திக்கிட்டிருந்தீங்க. பல்லு மழுங்கிருக்கும்னு கறுப்புக்கு மட்டும் கூட ஒரு பிடி போட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"யாரும் என்னைக் கேக்கலையேப்பா."

வெள்ளைக் கிண்ணத்தின் உப்பை கமருன்னிஸாவின் ஈரத்துணி தினமும் துடைத்துவிட்டது. கறுப்பின் பல்லிடுக்கில் துணி போகவில்லை. இளவழகன் அதைக் கழற்றிப் பார்த்தான். பல்சக்கரத்தில் வெள்ளைப் பூச்சு, ஓரத்தில் ஒரு செம்பொட்டுத் துரு. தன் வோல்டேஜ் தத்துவத்தை அவன் யாருக்கும் நினைவூட்டவில்லை. காய்ந்த துணியால் பல் பல்லாகத் துடைத்து, இரண்டு பிடி கொட்டையை அரைத்துக் கொட்டினான்.

"சரி மேடம்," என்றான் சித்தீக், பயந்துகொண்டே. "இப்ப சொல்லுங்க. எதை வெச்சுக்கறது?"

அம்சவல்லி மழுப்பவில்லை. "பில்டர் காபிக்குக் கறுப்புதான். எல்லாத்தையும் ஒரே பதமா நசுக்குது. பிளேடு மெஷின்ல பாதி மாவு, பாதி நொய். மாவு பில்டரை அடைக்கும், நொய்யிலேர்ந்து ருசி எறங்காது."

ஹாஃபிஸாகூடச் சந்தோஷப்படப் பயந்தாள். கமருன்னிஸா வெள்ளை மெஷினைத் தூக்கினாள். அலமாரியில் மிளகு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மிளகு பொடிக்க ஒண்ணு வேணும்னு தம்பிகிட்ட நாந்தான் எழுதிக் கேட்டிருந்தேன்," என்றாள்.

அப்படி ஒரு மிளகு விஷயத்தை அந்த வீட்டில் யாரும் அதுவரை கேள்விப்பட்டதில்லை. இருபது வருஷம் கதை கேட்ட அம்சவல்லி, இந்த ஒன்றை மட்டும் விசாரணையின்றி ஏற்றுக்கொண்டார்.

ஹாஃபிஸா கறுப்பில் அரைத்த தூளில் புதிதாகக் காபி போட்டாள். பால் பாலாகவே இருந்தது. முதல் டம்ளரை மாமியார் கையில் கொடுத்துவிட்டு நின்றாள். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

கமருன்னிஸா ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"சர்க்கரை தூக்கல்," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லிவந்த அதே குறை. இந்த ஒரு வாரமாகத்தான் சொல்லாமல் இருந்தாள்.

ஹாஃபிஸா வாசல் ஓரத்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகிற போக்கில் சித்தீக்கிடம், "அத்தா வந்திருக்காங்க. இன்னும் அரை லிட்டர் பால் வாங்கிட்டு வாங்க," என்றாள்.