பிசிறு இல்லாத துடுப்பு

பள்ளி அறிவியல் கண்காட்சி அன்று காலை சுகாசினி அப்பா கொடுத்த உறையைப் பிரித்தாள். உள்ளே எட்டு அட்டைகள். ஒவ்வொன்றும் வெள்ளைச் சுறாவின் முதுகுத் துடுப்பு வடிவத்தில் வெட்டப்பட்டிருந்தது. எட்டும் வழவழவென்று ஒரே மாதிரி இருந்தன.

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அந்தத் துடுப்பின் பின்விளிம்பு வெட்டும் பள்ளமுமாக இருக்கும். ஒரு சுறாவுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இராது. அதைப் படம்பிடித்து வைத்துத்தான் எந்தச் சுறா எங்கே போனது, இன்னும் எத்தனை மிச்சம் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். சுகாசினி அதையே விளையாட்டாக வைக்க நினைத்திருந்தாள். மேசையில் சுறாக்களின் புகைப்படங்கள் இருக்கும். வருகிறவர்கள் அட்டையை எடுத்து, அது எந்தச் சுறாவின் துடுப்பு என்று பொருத்த வேண்டும்.

"அப்பா, இதுல இருந்த வெட்டெல்லாம் எங்கப்பா?"

அவள் அப்பா கலியாணசுந்தரம் பட்டுச்சேலைக் கரைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுபவர். அவர் பெருமையாகச் சிரித்தார்.

"நீ குடுத்த போட்டோல விளிம்பெல்லாம் ஒரே பிசிறும்மா. ஒண்ணொண்ணா கிளீன் பண்ணிட்டேன். அந்த மாதிரி கரை போட்டா, முதலாளி சேலைய மூஞ்சியிலயே விட்டெறிவாரு!"

தூங்காமல் அவர் கண் சிவந்திருந்தது. சுகாசினி வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"தேங்க்ஸ்பா," என்றாள்.

பள்ளிக்குப் போனதும் தரையில் உட்கார்ந்தாள். புகைப்படத்தைப் பார்ப்பதும் அட்டையை வெட்டுவதுமாக இருந்தாள். கத்தரிக்கோல் அழுத்தி விரல் கன்றிப்போனது.

பக்கத்து மேசையில் சந்தோஷ்குமார் எரிமலை செய்து வைத்திருந்தான்.

"இன்னா சுகா, சுறாவ எலி கடிச்சிட்டுதா?"

"அடையாளமே அதான்டா."

"காஞ்சிபுரத்துல எதுக்கு சுறா? தாமல் ஏரியில விடப் போறியா?"

"நீ போய் உன் மலைக்கு சோடா போடு."

கூட்டம் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

"இது எத்தனை பேரத் தின்னுச்சு?"

"அது நம்மளக் கொல்றதவிட நாமதான் அத அதிகமாக் கொல்றோம். வலையிலயும் தூண்டில்லயும்…"

அவள் சொல்லி முடிப்பதற்குள் எரிமலை பொங்கியது. எல்லோரும் அங்கே ஓடினார்கள்.

சிறப்பு விருந்தினர் ஓர் அட்டையை எடுத்து விளிம்பைத் தடவினார். "கொஞ்சம் நீட்டா வெட்டியிருக்கலாமே பாப்பா," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பரிசு எரிமலைக்குப் போனது.

மேசைகளைக் காலி செய்யும் நேரத்தில் கலியாணசுந்தரம் சாப்பாட்டுப் பையோடு வந்தார். தன் அட்டைகளைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"கெடுத்துட்டியேம்மா."

"நீ அழகாதாம்பா பண்ண. ஆனா எட்டும் ஒரே சுறாவா ஆயிட்டுது. அப்புறம் யார் எதுன்னு எப்படித் தெரியும்? நீயே ஆடிப் பாரேன்."

அவர் ஓர் அட்டையை எடுத்தார். ஒரே ஒரு இழை விலகினாலும் கண்டுபிடிக்கும் கண் அது. புகைப்படங்கள்மேல் மெதுவாக நகர்ந்து ஓரிடத்தில் நின்றது.

"இது. மேல ரெண்டு வெட்டு, நடுவுல பள்ளம்."

"கரெக்ட்பா!" அன்று முழுவதும் அவள் சொல்லக் காத்திருந்த வார்த்தை அது.

"இப்ப எங்க இருக்குது இது?"

சுகாசினி புகைப்படத்தை நேராக வைத்தாள்.

"தெரியலப்பா. இதோட துடுப்புல ஒரு கருவி மாட்டியிருந்தாங்க. துடுப்பு தண்ணிக்கு மேல வந்தா சிக்னல் வரும். இப்ப வர்றதே இல்ல. கருவி கழண்டிருக்கலாம். இல்லன்னா வலையில…"

அவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"அப்ப இந்த அட்டைய எடுத்துடலாமா?"

"வேணாம்பா. அது உயிரோட இருந்து, யாராவது போட்டோ எடுத்தா, இந்த வெட்ட வெச்சுத்தான் அதுன்னு தெரியும்."

கலியாணசுந்தரம் புகைப்படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு கத்தரிக்கோலுக்குக் கை நீட்டினார்.

"கீழ சின்னதா ஒண்ணு இருக்குது பாரு. விட்டுட்டியேம்மா," என்று அந்தப் பிசிறை அட்டையிலும் வெட்டத் தொடங்கினார்.