நாற்பத்தோராவது வரி

கம்பியூட்டர் திரையில் ஜவுபரின் பெயருக்கு நேரே ‘மௌத்து’ என்று விழுந்திருந்தது. உண்மையில் மௌத்தாகி அடக்கமானவர் ஜவுபர் அல்ல, அடுத்த வரியில் இருந்த கலந்தர். ஜனாஸா சங்கத்தின் சந்தூக்குப் பெட்டியைக் காத்து, ஊரில் இறந்த மையித்தையெல்லாம் அதில் வைத்துச் சுமந்தவர். போன மாதம் அதே சந்தூக்கில் அவரே போனார். மசூரும் அவர் குழிக்குள் மூன்று பிடி மண் போட்டிருந்தார்.

பதினைந்து வருடம் சங்கத்தின் பெயர்ப் பட்டியலைக் கையால் எழுதியவர் மசூர். எண்பத்தெட்டில் கம்பியூட்டர் வந்ததும், கொழும்பில் மூன்று மாதம் படித்த பளீலைச் சங்கத் தலைவர் ஹாஜியார் அதன் முன்னால் உட்கார வைத்தார். மசூருக்கு வயிறு எரிந்தது.

“காக்கா, இது லேசு. நான் காட்டித்தாறன்” என்றான் பளீல்.

“எனக்குத் தேவல்ல.”

பளீல் முதலில் வைத்திருந்த பழைய புரோகிராமில் பெயர்கள் ஒரு ஃபைலிலும், ஆள் உயிரோடு ஹயாத்தா, மௌத்தா என்பது இன்னொன்றிலும் இருந்தன. இப்போது இரண்டையும் புதிய அட்டவணைக்குள் கொண்டுவர வேண்டும். பளீல் லுஹர் தொழப் போன நேரம் பார்த்து, இரண்டாவது ஃபைலில் அவனுடைய பெயருக்குரிய நாற்பத்தோராவது வரியில் மசூர் ‘மௌத்து’ என்று அடித்தார். பிறகு, அவன் தோளுக்கு மேலாகப் பார்த்து வைத்திருந்தபடி, இரண்டையும் உள்ளே இழுத்தார். தன்னையே மையித்தாக்கிய பொடியன் என்று ஊர் சிரிக்கட்டும். அந்தக் கதிரை தனக்கு வரட்டும்.

ஆனால் பெயர் ஃபைலுக்குத் தலைப்பு வரி இருந்தது, மற்றதற்கு இல்லை. மௌத்தெல்லாம் ஒரு பெயர் மேலே ஏறிவிட்டது. கலந்தர் ஹயாத்து. பளீல் ஹயாத்து. பளீலுக்கு மேலே இருந்த பெயர் மசூர்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. “இன்னா லில்லாஹி... ஜவுபர் அவர்கள் சற்று முன்னர் மௌத்தானார்கள்.”

கடற்கரையிலிருந்து எந்நேரமும் வரும் கருவாட்டு வாடை மெல்ல ஒதுங்க, கற்பூரமும் அத்தரும் புதிதாய் வெட்டிய ஈர மணலும் கலந்த வாடை ஜன்னல் வழியே வந்து, விசிறிக் காற்றோடு அவர் கழுத்தில் படிந்தது. அடித்த மௌத்தை அழிக்க எந்தக் கட்டையைத் தட்டுவது? தெரியாது. கேட்டதேயில்லை.

“பளீல்!”

படியில் மரம் உரசியது. நின்றது. மறுபடி உரசியது.

வாசலில் வெறும் சந்தூக்கு. முன்பக்கத்தைக் கலந்தர் பிடித்திருந்தார். பின்பக்கத்தை யாரும் பிடிக்கவில்லை. அது தாழாமல் நின்றது.

“அஸ்ஸலாமு அலைக்கும், தம்பி.” கலந்தர் கையை விரித்தார். ஈர மணல். “நீங்க போட்ட மண்ணக் கொண்டாந்தன். மூணு பிடியும் இரிக்கி.”