கட்டாரம்

படுக்கையறைச் சுவரில் ஒரு கோடு இருந்தது. நேற்று இல்லை.

ஷெரோமி விரலால் தடவிப் பார்த்தாள். கோடு அல்ல, பள்ளம். கட்டைவிரல் அகலத்தில், இடுப்பு உயரத்தில், உளியால் சீராகக் கொத்தியது. வீட்டுக்குப் பின்சுவராக நின்ற பாறையில் ஆரம்பித்து, மூலையில் திரும்பி, சிமெந்துச் சுவரிலும் இரண்டடி ஓடியிருந்தது. பயத்துக்கு முன்னால் அவளுக்கு வந்தது கோபம்தான்.

எல்லாம் லெஸ்லி செய்த வேலை. சீகிரியாவில் வெள்ளைக்காரர்களுக்கு வரலாறு சொல்லிப் பிழைக்கும் புருஷன்! கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் விளிம்பில் ஒரு கட்டாரம் இருந்தது. மழைத் தண்ணீர் பாறையோடு வழிந்து உள்ளே வராமல் வெளியிலேயே சொட்டிவிடும்படி, குகையில் வாழ்ந்த பிக்குகளுக்காக இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ கொத்திய நீண்ட வெட்டு. அதை வருகிறவர்களிடமெல்லாம் வாய் ஓயாமல் வர்ணித்தவனே, தகரம் சரியாக உட்காரவில்லை என்று போன மாதம் கல் தேய்க்கும் கிரைண்டர் வைத்து வழித்துத் தள்ளினான். மேசன் ஜுனைதீன் அதைத் தொடவே மாட்டேன் என்று சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு இருந்த அறிவில் பாதி இவனுக்கு இருந்திருக்கக் கூடாதா?

“பூச்சி அரிச்சிருக்கும்” என்றான் லெஸ்லி, போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

“பூச்சி ரசமட்டம் புடிச்சா அரிக்கும்? எங்கள உக்குவளையில அம்மா வீட்டுல கொண்டு போய் விடுங்க. கைப்புள்ளைய வச்சிக்கிட்டு நான் இங்க இருக்க மாட்டேன்.”

“கெஸ்ட் வர்றாங்க, வேலை கெடக்கு. ரெண்டு நாள் பொறு.”

பொறுத்தாள். அதை நினைத்துத் தன் மீதே பற்றிக்கொண்டு வந்தது.

அன்று பின்னேரம் மழை இறங்கியபோது, தகரத்தின் இரைச்சலுக்கு அடியில், சுவருக்குள்ளே எங்கோ, இரும்பு கல்லில் விழும் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல், வேலை தெரிந்த கை ஒன்று தூக்கி இறக்குவதாக, டக், டக் என்று மழை விடும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது. அதோடு நனைந்த கல்தூளின் மணமும், அறையில் இல்லாத ஒருவனின் வியர்வை வாடையும் வந்தன. மழை விட்டதும் பார்த்தாள். பள்ளம் அல்மாரியை, அதன் உள்ளே தொங்கிய துணிகளைக்கூட, ஒரே மட்டத்தில் வெட்டிக்கொண்டு போய் ஜன்னலடியில் நின்றிருந்தது.

மற்ற அறைகளுக்கு இன்னும் கூரை இல்லை. எனவே பிள்ளை ஜெனிட்டாவின் மரத்தொட்டிலைச் சுவர்களை விட்டு விலக்கி, அறையின் நட்டநடுவில் இழுத்துப் போட்டாள். சுவரைத்தானே வெட்டுகிறது.

மறுநாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி லெஸ்லியிடம் சொல்லிவிட்டுச் சுடுதண்ணீர் வைக்கப் போனாள். மழை பிடித்தது. சத்தம் தொடங்கியது.

பிறகு சத்தம் மாறியது. கல்லில் விழும் சத்தம் இல்லை. மரமும் இல்லை. மெத்தென்ற ஒன்று.

ஓடி வந்தாள். லெஸ்லி வாசலில் நின்றான். போன் தரையில் கிடந்தது.

“புள்ள ஏன் சத்தமே இல்லாம இருக்கா?”

அவன் ஓரடி பின்வாங்கினான்.

“ஊருக்கெல்லாம் கதை சொல்லுவீங்களே! இப்ப சொல்லுங்க!”

அவன் கை நீண்டது. எதிர்ச்சுவரிலும் பள்ளம். அதே உயரம். அதே அகலம். ஜன்னலடியில் நின்றுபோன பள்ளம் அறையைத் தாண்டி அந்தப் பக்கத்தில் மறுபடி ஆரம்பித்திருந்தது.

இரண்டுக்கும் நடுவில் தொட்டில்.

தொட்டிலின் இரண்டு பக்கச் சட்டங்களும் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தன. ஷெரோமி பிள்ளையை வாரி எடுத்துத் தோளோடு நிமிர்த்திப் பிடித்தாள். உடம்பு சூடாக இருந்தது. மூச்சு இருந்தது. இரத்தம் இல்லை. ஒரு பொட்டு இல்லை.

ஜெனிட்டா கண்களை அகலத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். கூரை ஒழுக்கு அவள் உச்சந்தலையில் சொட்டியது. தண்ணீர் முடியை நனைத்து, நெற்றியில் வழிந்து, புருவத்துக்கு மேலே நேராக ஓடிய பள்ளத்தில் விழுந்து, பக்கவாட்டில் திரும்பி, காதோரமாகக் கீழே சொட்டியது. ஒரு துளிகூடக் கண்ணுக்கு வரவில்லை.