ருடி அள்ளிப் போட்ட பனி

நீலமாக எரிய வேண்டிய கேஸ் ஹீட்டரின் தீ நுனியில் ஆரஞ்சு நிறம் காட்டிக்கொண்டிருந்தது.

மதியச் சாப்பாடு முடிந்த பிறகுதான் சிக்னே அதைக் கவனித்தாள். உறைந்த ஏரியின் நடுவே தம்பி ஆர்லன் இழுத்து வந்து நிறுத்திய பலகைக் கொட்டகை அது. தரையில் இரண்டு துளைகள், துளைகளுக்குள் கறுத்த தண்ணீர், தூண்டில் நுனியில் மீன் கடித்தால் கிணுகிணுக்கும் சின்ன மணி. வெளியே வட மினசோட்டாவின் காற்று சுவரைப் பிறாண்டிக்கொண்டிருக்க, உள்ளே வறுத்த மான் சாசேஜின் வாசனையும் ஈரக் கம்பளியின் வாசனையும் சேர்ந்து புழுங்கின, ஜன்னலில் நீர் வழிந்து வழிந்து உறைந்தது.

"தீ சரியில்லடா, விஷ வாயு கக்கும். கதவைக் கொஞ்சம் திற."

"ஆரம்பிச்சிட்டியா அக்கா? காலையில ரெண்டு தடவை தானா அணைஞ்சு உயிரை வாங்குச்சு. காத்து குறைஞ்சா அணைக்குற சனியன் ஒண்ணு உள்ள இருக்கு. அதோட வாயை அடைச்சிட்டேன். இப்பதான் ஒழுங்கா எரியுது."

"கூரைத் துவாரத்துல என்னது அது?"

"என் கையுறை. சில்லுன்னு இறங்குதுல்ல."

"உனக்குப் புத்தியிருக்கா? அதை முதல்ல எடு!"

"மகாராணிதான் சுவரடியில ஓட்டை விட்டு வச்சிருக்கீங்களே, அது போதாதா?"

அந்த ஏரியில் கொட்டகை போடுகிறவர்கள் சுவரடி இடுக்கில் காற்று புகாமலிருக்கச் சுற்றிலும் பனியை அள்ளி அணை கட்டுவார்கள். அடுத்தவர் கொட்டகையில் இடைவெளி கண்டால் கேட்காமலே அடைத்துவிட்டுப் போவதுதான் அங்கே நல்ல மனசு. காலையில் சண்டை போட்டுத்தான் சிக்னே ஒரு பூட்ஸ் அகலத்துக்குப் பனியை உதைத்துத் தள்ளியிருந்தாள்.

காப்பியைக் குடித்துவிட்டுத் தானே எழுந்து கதவைத் திறக்கலாம் என்று நினைத்தாள். தலை விண்விண்ணென்றது. காப்பி ஆறிப்போயிருந்தது. எப்போது ஆறியது?

மணி கிணுகிணுத்தது.

"ஆர்லன், மீன்."

அவன் முகவாய் மார்பில் கவிழ்ந்திருந்தது. கன்னமிரண்டும் நல்ல சிவப்பு. சின்ன வயதில் பனியில் விளையாடிவிட்டு வருவானே, அந்தச் சிவப்பு. அது நல்லதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஐயோ, தெரியுமே!

எழுந்தாள். கால்கள் வரவில்லை. பெஞ்சிலிருந்து சரிந்து, தரையில் முகம் மோத, சுவரோரமாய் விழுந்தாள்.

மூக்கருகே ஊசி மாதிரி ஏதோ குத்தியது. குளிர். அவளுடைய ஓட்டை. வாயை வைத்து உறிஞ்சினாள். சிந்தனை கொஞ்சம் திரும்பியது, கைகால் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தால் போதும். கதவு நாலடிதான். தம்பியை இழுத்துப் போட்டுவிடலாம்.

சரக்.

வெளியே மண்வாரி. சரக். தொப். சரக். தொப்.

ருடி! பக்கத்துக் கொட்டகை ருடி! அவளுக்கு அழுகை வந்தது. கத்தினாள். உதடு மட்டும் அசைந்தது.

"ஆர்லன்! தூக்கமா?" ருடியின் குரல் சுவரைச் சுற்றி நகர்ந்தது. "ஜன்னலெல்லாம் வேர்த்துக் கிடக்கு. கொடுத்து வச்ச ஆளுங்கப்பா!"

சரக். தொப்.

கதவைத் தட்டு, ருடி. தட்டிப் பார். ஒரே ஒரு தடவை.

"சரி சரி, தூங்குங்க. நான் எழுப்பல."

சத்தம் மூலை திரும்பியது. நெருங்கியது. ஓட்டைக்கு வெளியே அவருடைய பூட்ஸ் வந்து நின்றது. நாடா அவிழ்ந்திருந்தது.

விரலை நீட்டினாள். ஒரு விரல். அரை விரல்.

"அடடா, இங்க பாரு! இவ்ளோ பெரிய ஓட்டையை விட்டுட்டு உக்காந்திருக்காங்க. குளிர்ல செத்துப் போயிடுவாங்க, பாவம்!"

தொப்.

விரல்மேல் பனி. வெளிச்சம் பாதியானது.

தொப்.

வாரியின் முதுகால் தட்டினார். பொறுமையாக. ஒரு கீறல் விடாமல்.

"இப்ப கதகதன்னு இருக்கும்."

பூட்ஸ் சத்தம் நொறுநொறுத்துப் போனது.

உள்ளே ஆரஞ்சு வெளிச்சம். மணி கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது.