அக்கா கல்யாணத்துக்கு ஏழு வெடி

மெஸியான் மாமா காலை எட்டு மணிக்கே துப்பாக்கியைத் துடைத்து முடித்துவிட்டார்.

அது அவருடைய தாத்தா காலத்து நீளத் துப்பாக்கி. அதில் குண்டு போட மாட்டார்கள். வெடிமருந்தைக் கொட்டி, மேலே கந்தல் துணியை உருண்டையாக அடைத்து, வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள். கல்யாணப் பெண் வீட்டை விட்டு இறங்கும்போது தாய்மாமா அப்படிச் சுட வேண்டும். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாப்பிள்ளை ஊர் வரைக்கும் சத்தம் கேட்க வேண்டும்.

இன்று தானினாவின் அக்கா ஜெஜிகாவுக்குக் கல்யாணம்.

காற்றும் இன்றைக்குத்தான் வர வேண்டுமா? தெற்கே பாலைவனத்திலிருந்து கிளம்பிய சூடான காற்று, வானத்தை மஞ்சளாக்கிவிட்டது. வாசலில் கட்டியிருந்த வண்ணக் காகிதங்களில் பாதி பறந்தே போய்விட்டன. வாயைத் திறந்தால் பல்லில் மண் நறநறத்தது.

ஊர் ஒலிபெருக்கி மூன்றாவது முறையாகக் கத்தியது.

"வெளியில யாரும் அடுப்பு மூட்டாதீங்க! சிகரெட் பிடிக்காதீங்க! ஜன்னலைச் சாத்தி வைங்க! வாளியில தண்ணி பிடிச்சு வைங்க!"

அம்மாவும் சித்திகளும் முற்றத்து விறகடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, முன்னூறு பேருக்கான கோதுமை ரவைக் குஸ்குஸ் பானைகளை உள்ளே கேஸ் அடுப்புக்கு மாற்றினார்கள். பத்து வயது தானினா வாளிகளை நிரப்பினாள். கடைசி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். அங்கே மாமா உட்கார்ந்து கந்தல் துணியைக் கிழித்துக் கிழித்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, இன்னைக்குச் சுடப் போறீங்களா?"

"பின்னே? அழகு பார்க்கவா துடைச்சேன்?"

"நெருப்பு கூடாதுன்னு சொல்றாங்களே."

"அடுப்பு மூட்டாதீங்கன்னு சொன்னாங்க. இது என்ன அடுப்பா? இதுல உங்கம்மா குஸ்குஸ் வேக வைக்கப் போறாளா?"

மாமா தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். தானினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மாடியிலிருந்து பார்த்தால் சரிவு முழுக்க இடுப்பளவு காய்ந்த புல். எதிர் மலையில் இன்னும் கரிக்கட்டையாக நின்ற மரங்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த மலை எரிந்தபோது, அம்மா அவளை ஈரப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

அவள் ஒரு துணி உருண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கையை நீட்டினாள்.

"இதைப் பாருங்க மாமா."

காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. கைப்பிடிச் சுவரைத் தாண்டி, தெருவைத் தாண்டி, அடுத்த வீட்டு அத்தி மரத்தையும் தாண்டிப் பறந்து, கடைசியில் ஆலிவ் தோப்புக்குள் காய்ந்த புல்லில் போய் விழுந்தது.

"துப்பாக்கியில இருந்து வரும்போது அந்தத் துணி எப்படி இருக்கும் மாமா?"

மாமா துணி விழுந்த இடத்தையே பார்த்தார். கருகி, ஓரத்தில் பொறியோடு வரும் என்பது அவருக்குத் தெரியும்.

"அது... என்னோட தோப்பு," என்றார் மெதுவாக.

"ஆமா மாமா."

மாமா துப்பாக்கியைக் கீழே வைத்தார். அவருடைய பெரிய கறுப்பு மீசைகூடத் தொங்கிப் போனது போலிருந்தது.

"உன் பெரியம்மா பொண்ணுங்க மூணு பேருக்கும் சுட்டேன். இவளை மட்டும் சத்தமில்லாம அனுப்புறதா? அது வெறும் சத்தம் இல்லடி தங்கம். 'இந்தப் பொண்ணு தனி ஆள் இல்ல, பின்னாடி நாங்க இருக்கோம்'னு அந்த ஊருக்குச் சொல்றது."

தானினாவுக்கும் அது தெரியும். நேற்று மருதாணி வைக்கும்போது அக்கா அவள் காதில் சொல்லியிருந்தாள்: "அந்த ஊர்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாதுடி. பயமா இருக்கு. மாமா வெடி கேட்டாத்தான் கார்ல ஏறுவேன்."

மலையும் எரியக் கூடாது, அக்காவும் பயப்படக் கூடாது. என்ன செய்வது? யோசித்துக்கொண்டே படியிறங்கினாள்.

கீழே சித்தி மகன் யூபா ஏதோ அலறிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆறு வயது. ரொட்டிக்கு மாவு வந்த பெரிய காகிதப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றான். பை காற்றில் உப்பி அவனை இழுத்துக்கொண்டு போனது.

"தானினாக்கா! காத்து என் பையைப் பிடுங்குது!"

தானினா ஓடிப்போய்ப் பையைப் பிடித்தாள். அது தலையணை போல் விறைப்பாக இருந்தது. அவள் ஒரு நொடி அதையே பார்த்தாள். பிறகு பையின் வாயை இறுக்கி முறுக்கினாள், தரையில் போட்டாள், இரண்டு காலாலும் எகிறிக் குதித்தாள்.

டமார்!

உள்ளே குழந்தை ஒன்று வீறிட்டது. எதுவோ உடைந்தது. மாமா மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கி வந்தார்.

"எவன்டா சுட்டது? அறிவிருக்கா? காத்து அடிக்கிறது தெரியல?"

பிறகுதான் கிழிந்த பையையும், தலை முதல் கால் வரை மாவு படிந்த இரண்டு பிள்ளைகளையும் பார்த்தார்.

"நான்தான் மாமா," என்றாள் தானினா. "ஊதக்கூட வேண்டாம். காத்தே ஊதிக் குடுக்குது."

மாமா பையைப் பார்த்தார். தானினாவைப் பார்த்தார். பள்ளத்தாக்கைப் பார்த்தார்.

"காத்து அந்தப் பக்கம்தானே அடிக்குது?" என்றார். "இன்னும் எத்தனை பை இருக்கு?"

"ஏழு."

"ஒண்ணு எடு. எப்படிப் பிடிக்கணும்னு பார்த்துக்குறேன்."

பையைக் காற்றுக்கு எதிரே அவர் விரித்ததும், உள்ளே ஒட்டியிருந்த மாவெல்லாம் அவர் முகத்திலேயே அடித்தது. ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்த சித்திகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்போது கார் ஹாரன்கள் கேட்டன. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள்! முதல் காரிலிருந்து இறங்கிய இரண்டு இளைஞர்கள் கையில் துப்பாக்கி. ஒருவன் அதை வானத்தை நோக்கித் தூக்கியேவிட்டான்.

"நில்லுடா!"

வெள்ளை முகம், வெள்ளை மீசையோடு ஓடிவந்த ஆளைப் பார்த்து அவன் இரண்டடி பின்னால் போனான்.

"புல்லு எப்படிக் காய்ஞ்சு கிடக்கு, கண்ணு தெரியல? ரெண்டு துப்பாக்கியும் கார் டிக்கிக்குள்ள போகட்டும். ம்!"

மாப்பிள்ளையின் பெரியப்பா காரிலிருந்து இறங்கினார்.

"அது சரிங்க. ஆனா வெடியே இல்லாம பொண்ணைக் கூட்டிட்டுப் போனா எங்க ஊர்ல சிரிப்பாங்களே?"

"வெடி இல்லைன்னு யார் சொன்னது?" மாமா தன் வெள்ளை பர்னூஸ் அங்கியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார். போகும்போது, "தானினா, எல்லாம் உன் பொறுப்பு," என்றார்.

தானினா பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினாள். ஆளுக்கு ஒரு பை. அவளையும் சேர்த்து ஆறு பேர்தான் இருந்தார்கள். ஒரு பை மிஞ்சியது.

"எனக்குக் குடும்மா," என்று கையை நீட்டினார் மாப்பிள்ளையின் பெரியப்பா.

"நல்லா முறுக்கிப் பிடிக்கணும் தாத்தா. இல்லேன்னா புஸ்ஸுன்னு போயிடும்."

"எனக்கேவா? பள்ளிக்கூடத்துல நான் எத்தனை உடைச்சிருக்கேன் தெரியுமா?"

கதவு திறந்தது. ஊர் வழக்கப்படி மாமாவின் அங்கிக்கு அடியில், அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஜெஜிகா அக்கா வந்தாள். வாசற்படியில் நின்றாள். காரைப் பார்த்தாள்; படியிறங்கவில்லை.

"யூபா, குதி!"

டமார்!

"அடுத்தது!"

டமார்! டமார்! ஒன்றன்பின் ஒன்றாகப் பிள்ளைகள் குதித்தார்கள். மாவு மேகமாக எழும்பியது. பெண்கள் குலவையிட்டார்கள். ஏழாவதாகப் பெரியப்பா குதித்தபோது அவருடைய தொப்பியும் சேர்ந்து பறந்தது. அதைப் பிடிக்க, துப்பாக்கி கொண்டுவந்த இரண்டு பேரும் சந்து முழுக்க ஓடினார்கள்.

அக்கா முதலில் கண்ணைத் துடைத்தாள். பிறகு மாமாவின் மாவு முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, பட்டுப் பாவாடையெல்லாம் மாவாகும்படி தானினாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, காரில் ஏறினாள்.

கார்கள் வளைவைத் தாண்டிச் சிறிது நேரத்தில் மாமாவின் போன் அடித்தது. அந்த ஊரில் மருமகளுக்காகக் காத்திருந்த மாப்பிள்ளையின் அம்மா பேசினார். சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"ஏழு வெடி எண்ணினோம்! பொண்ணு கிளம்பிட்டான்னு ஊரே வாசல்ல நிக்குது. ஆனா இந்தக் காத்துலயா சுட்டீங்க? அப்படி எத்தனை துப்பாக்கிதான் வெச்சிருக்கீங்க?"

மாமா பிள்ளைகளைப் பார்த்தார். மாவு மூக்கும் மாவுத் தலையுமாக ஆறு பேர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"துப்பாக்கி ஒண்ணுகூடச் சுடலம்மா," என்றார் மாமா, தானினாவின் தலையிலிருந்த மாவைத் தட்டிவிட்டுக்கொண்டே. "எங்க பொண்ணுக்கு ஆளுங்கதான் நிறைய."